முப்பத்திரண்டில் ஒன்று குறைகிறது

அத்தியாயம் 9

செத்தவளுக்குப் பதிலாக ஆள் எடுக்க அன்று மாலை நாலு மணிக்குக் குரல் தேர்வு என்று ரெக்கார்டிங் ஸ்டுடியோவின் கதவிலேயே தாள் ஒட்டியிருந்தார்கள்.

"ஆறு நாள்தான் ஆச்சு. அதுக்குள்ள அவ இடத்துக்குத் துண்டு போட ஆள் கூப்பிட்டாச்சு," என்றான் குண்டூசி.

"படிச்சிட்டேல்ல? இறங்கு. வழியை மறைக்காதே," என்றாள் வக்கீலம்மா.

வக்கீலம்மா கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆறு வருஷம் ஆகிறது. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறது. இப்போது அவள் தொழில் துப்பறிவது. குண்டூசி அவளிடம் வேலைக்கு வருவதற்கு முன் பதினைந்து வருஷம் பொதுக்கூட்டங்களுக்கு மைக்செட் போட்டவன். நாற்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு, உச்சியில் பளபளக்கும் வழுக்கை. வாயைத் திறந்தால் யாரையாவது குத்தாமல் மூட மாட்டான். பேர்ப் பொருத்தம் என்றால் அதுதான்.

மூன்றாவதாக இறங்கி வந்தவள் தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் கடையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருந்தாள். அவளுடைய தம்பி இந்த ஸ்டுடியோவில் மிக்ஸர் முன்னால் உட்காருகிறவன். தொழிலில் எல்லோரும் அவனை ‘சவுண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது கம்பி எண்ணிக்கொண்டிருக்கிறான்.

விஷயம் இதுதான். ஆறு நாளைக்கு முன் இங்கே ஒலி நாடகம் ஒன்று பதிவானது. கதாநாயகி ஆற்றில் மூழ்கி மூச்சுக்குத் தவிக்கும் காட்சி. பேச வந்தவள் குழந்தைகள் தொடர் ஒன்றில் எலிக்குக் குரல் கொடுத்துப் பேர் வாங்கியவள், அதனால் அவளுக்கு ‘சுண்டெலி’ என்றே பட்டப்பெயர். அவளுக்கு நிஜமாகவே இழுப்பு உண்டு. ஏழாவது டேக் ஓடும்போது கண்ணாடி அறைக்குள் மூச்சு முட்டிச் செத்துப்போனாள். மருந்துப் பம்ப் வெளியே மேஜையில் இருந்தது. அறைக்கதவின் உள்பக்கக் கைப்பிடி இரண்டு வாரமாக உடைந்து கிடந்தது. அவளுடைய மைக்கை யாரோ மியூட் செய்து வைத்திருந்தார்கள். கத்தினாளோ கதறினாளோ, ஒரு ஈ காக்கைக்குக்கூடக் கேட்கவில்லை.

"நாளைக்குக் காலையில கோர்ட்டும்மா," என்றாள் தையல்காரம்மா, படியில் நின்றபடியே. "எறும்பு கடிச்சாக்கூட ஊதித்தான் விடுவான், நசுக்க மாட்டான் என் தம்பி. அப்பா அம்மா போனப்ப அவனுக்கு அஞ்சு வயசு. கல்யாணம்கூடப் பண்ணிக்காம வளர்த்தேன். அவ செத்த நேரத்துல அவன் மேல வாசல்ல நின்னு என்கூடத்தான் போன் பேசிக்கிட்டிருந்தான். பதினோரு நிமிஷம். போன் கம்பெனிக்காரன்கிட்ட கேட்டாலே சொல்லுவான்."

"என்ன பேசினான்?"

"புதுச் சட்டைக்கு அளவு சொன்னான். கழுத்து அரை இஞ்ச் கூட வைக்கணும்னான்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "எல்லாம் அந்த முதலாளி பண்ண வேலை. மூணு மாடி ஏறுறதுக்குள்ள நாலு தடவை உக்காந்து எழுந்திருக்கிற உடம்பு அது. அதை வெச்சுக்கிட்டு மூழ்குற சீனுக்கு ஒத்துக்கலாமா? அவ தலையெழுத்து, என் தம்பி தலையில வந்து விடிஞ்சிருக்கு."

"நீங்க அந்தப் பொண்ணைப் பார்த்திருக்கீங்களா?"

"பேப்பர்ல போட்டோ பார்த்ததோட சரி."

வக்கீலம்மா கடைசிப் படியில் கால் வைத்தாள். "எட்டு," என்றாள்.

"என்ன எட்டு?" என்றான் குண்டூசி.

"படி. எண்ணிக்கிட்டே இறங்கினேன்."

இந்தம்மாவுக்கு எதை எண்ணுவது என்று கணக்கே கிடையாது என்று நினைத்துக்கொண்டான் அவன். அவன் மனசு வேறு இடத்தில் இருந்தது. சவுண்டு நிரபராதியாக இருக்கவேண்டும் என்று அவன் நேற்றே முடிவு கட்டிவிட்டான். என்ன இருந்தாலும் நம்ம தொழில்காரன். மைக்கைக் கையில் பிடித்தவன் ஒருத்தியை மூச்சுத் திணறச் சாகவிடுவானா என்ன?

கீழே போன் எடுக்காது. வக்கீலம்மா அதையே சாக்காக வைத்துத் தையல்காரம்மாவை மறுபடியும் மேலே அனுப்பினாள். கோர்ட்டு வக்கீலுக்குப் போன் போட்டு, நாளைக்குக் கேஸ் எத்தனாவது நம்பரில் வருகிறது என்று கேட்டுவரச் சொன்னாள்.

முதலாளி சென்ட் வாசனையோடு வந்தார். ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வந்தது.

"சீக்கிரம் முடிச்சிக்குங்க. நாலு மணிக்கு ஆட்கள் வந்துடுவாங்க."

"நாலு மணிக்கு வர்றவங்களும் இதே ரூம்ல நின்னுதான் பேசணுமா?" என்று கேட்டான் குண்டூசி.

"வேற ரூம் ஏது? தொடச்சு வெச்சாச்சு."

வக்கீலம்மா கண்ணாடிக்கு எதிரே இருந்த சோபாவைக் காட்டினாள். "அன்னிக்கு நீங்க இங்கதான் உக்காந்திருந்தீங்களா?"

"இங்கதான். ஏழாவது டேக் ஆரம்பிச்சப்பதான் வந்தேன். கண்ணாடி வழியா எல்லாத்தையும் பார்த்தேன். கழுத்தைப் பிடிச்சுக்கிட்டா, கையை ஆட்டினா, மண்டி போட்டா. என்னா நடிப்புங்க! நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்."

"அதுக்கு அவங்க என்ன பண்ணாங்க?"

"கண்ணாடியை ரெண்டு தட்டுத் தட்டினா." முதலாளி தொண்டையைச் செருமினார். "நான் கை தட்டினேன்."

குண்டூசி மிக்ஸர் பக்கம் நடந்தான்.

"சத்தமே வரலையேன்னு உங்களுக்குத் தோணலையா?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

"எப்படித் தோணும்? சவுண்டு வெளியே போறப்பவே சொல்லிட்டுத்தான் போனான். ‘ஸ்பீக்கரை அணைச்சிருக்கேன் சார், அவங்க பாட்டுக்கு மூழ்கிக்கிட்டிருப்பாங்க, நீங்க எதையும் தொட்டுடாதீங்க’ன்னான். இதைப் போலீஸ்ல சொன்னேன். அவன் அப்படிச் சொல்லவே இல்லேன்னு சாதிக்கிறான். நான்தான் மியூட் பண்ணேனாம், நான்தான் செட்டிங்ஸை மாத்தினேனாம். தொட்டவன் நான்னா, இவன் இத்தனை நாள் எதுக்கு உக்காந்திருந்தான்?"

"என்ன செட்டிங்ஸ்?" என்று வக்கீலம்மா குண்டூசியைத்தான் கேட்டாள்.

குண்டூசி அதற்குள் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்துவிட்டான். பழைய காதலியைப் பார்த்தவன் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, திரையில் இரண்டு மூன்று பக்கம் தள்ளிப் பார்த்தான். பிறகு பக்கத்துக் கம்ப்யூட்டரில் அன்றைய பதிவுகளைத் திறந்தான். போலீஸ் ஏழாவது டேக்கை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு போயிருந்தது. செத்தது ஏழில்தானே, மற்றது எதற்கு என்று ஒருத்தரும் ஆறாவதைத் தொடவில்லை.

"மிக்ஸருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஒரே ஒரு வயர்தான் மேடம். அது வழியா எத்தனை சேனல் போகணும்னு நாமதான் மிக்ஸர்ல சொல்லி வைக்கணும். ரெண்டுன்னு வெச்சா, சமைச்சு இறக்கின சாப்பாடு மட்டும் போகும். எல்லா மைக்கும் கலந்து, மியூட் பண்ணதெல்லாம் கழிஞ்சு, ஸ்பீக்கர்ல என்ன வருமோ அதான். முப்பத்திரண்டுன்னு வெச்சா, காய்கறி எல்லாம் நறுக்காம தனித்தனியாப் போகும். ஒவ்வொரு மைக்கும் பச்சையா, தனி டிராக்கா. நீங்க மியூட் பண்ணாலும் சரி, வால்யூமைப் பாதாளத்துக்கு இறக்கினாலும் சரி, அது பாட்டுக்குப் பதிவாகும்."

"சவுண்டு எதுல வைப்பான்?"

"முப்பத்திரண்டுக்குக் கீழ வெச்சதே இல்லை. மூணு மாசப் பதிவைப் பார்த்துட்டேன். ஒரே ஒருத்தர் பேசினாலும் முப்பத்திரண்டுதான். அன்னிக்கும் ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் முப்பத்திரண்டு." அவன் திரையைத் தட்டினான். "ஏழாவது டேக் மட்டும் ரெண்டு. பாருங்க, கோடு போட்ட மாதிரி கிடக்கு. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை."

"ஓடிக்கிட்டிருக்கும்போதே மாத்த முடியுமா?"

"முடியாது. ரெக்கார்டிங்கை நிறுத்தினாத்தான் விடும். அப்போ ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல யாரோ உக்காந்து, நிதானமா மாத்தியிருக்காங்க."

"அதாவது அவங்க சாகறதுக்கு முன்னாடியே."

"ஆமா." அதைச் சொன்ன பிறகுதான் அதன் கனம் குண்டூசிக்கு உறைத்தது. திடீர்க் கோபமும் இல்லை, கைதவறுதலும் இல்லை. திட்டம் போட்டுச் செய்த வேலை.

வக்கீலம்மா முதலாளியை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். "குண்டூசி, முப்பத்திரண்டுல வெச்சு ரெக்கார்டிங்கை ஓட விடு. நான் உள்ள போறேன். சார், நான் கை காட்டினதும் என் மைக்கை நீங்க மியூட் பண்ணணும்."

கைப்பிடி இல்லாத கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு ஸ்டூலைக் குறுக்கே நகர்த்தி வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். கதவின் மேல் சிவப்பு விளக்கு தானாக எரிந்தது. கை காட்டினாள்.

முதலாளி முதலில் மேலும் கீழும் தள்ளுகிற கட்டையைப் பிடித்தார். "அது வால்யூம்," என்றான் குண்டூசி. அடுத்து ஒரு குமிழைத் திருகினார். "அது எதிரொலி. இப்ப மேடம் கிணத்துக்குள்ள இருந்து பேசுவாங்க." மூன்றாவது முயற்சியில் பொத்தான் கிடைத்தது. சிவப்பாக மினுக்கியது. கண்ணாடிக்குப் பின்னால் வக்கீலம்மா உதட்டை அசைத்து என்னவோ சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஸ்பீக்கரில் மூச்சுக்கூட வரவில்லை.

"நான் பேசினது பதிவாயிருக்குமா சார்?"

"அதெப்படிங்க பதிவாகும்? அதான் அணைச்சிட்டோமே!"

"நிச்சயமா?"

"சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமேங்க."

குண்டூசி நிறுத்திவிட்டு முதல் டிராக்கைப் போட்டான். வக்கீலம்மாவின் குரல் கணீரென்று வந்தது: "இந்த ஆளுக்குத் தலைக்கு வெளியே சென்ட் இருக்கு, தலைக்கு உள்ளே ஒண்ணும் இல்லை."

முதலாளியின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! கோபப்படுவதா, ஆச்சரியப்படுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் பட்டார். வக்கீலம்மா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆபீஸ் அறையில் போய்க் காத்திருக்கச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

கதவு மூடியதும் குண்டூசி துள்ளினான். "பார்த்தீங்களா மேடம்! இவருக்கு மியூட் பண்ணா போதும்னு எண்ணம். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. ரெண்டுக்கு மாத்தணும்னு இவருக்குத் தோணவே தோணாது. மாத்தவேண்டிய அவசியமே கிடையாது."

"சரி. யாருக்கு அவசியம்?"

குண்டூசி திரையில் ஏழாவது டேக்கின் வெற்றுக் கோட்டை மறுபடியும் பார்த்தான்.

"மியூட் பண்ணா போதும்னு நினைக்கிறவன் வெளியாள்," என்றாள் அவள். "மியூட் பண்ணாலும் பதிவாகும்னு பயப்படறவன் ஒரே ஒருத்தன். அவன் நம்ம கட்சிக்காரம்மாவோட தம்பி."

"நம்ம தொழில்காரன் மேடம்," என்றான் குண்டூசி. அவன் குரல் அவனுக்கே பாவமாகக் கேட்டது. "அப்படின்னா ரெக்கார்டிங்கே போடாம விட்டிருக்கலாமே?"

"சிவப்பு விளக்கு எரியாதே. சோபாவுல உக்காந்தவர் ஏன்னு கேப்பாரு. டேக் ஓடுது, அவ நடிக்கிறான்னு அவரை நம்ப வைக்கணும். அதுக்கு விளக்கு வேணும், பதிவு வேணும், அந்தப் பதிவுல ஒண்ணும் இருக்கக்கூடாது. ரொம்பக் கெட்டிக்காரன். அதிகக் கெட்டிக்காரன்னா கொஞ்சம் கோணலாத்தான் யோசிப்பான்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஆனா இது வெறும் யூகம். நாளைக்குக் கோர்ட்டுல இதை எவனாவது ஊதியே தள்ளிடுவான். எதுக்காகக் கொன்னான்? எனக்குக் காரணம் வேணும். ஆறாவது டேக்கைத் திற. எத்தனை டிராக்?"

"முப்பத்திரண்டு."

"எண்ணிச் சொல்லு. நம்பிச் சொல்லாதே."

குண்டூசி விரலை வைத்து எண்ணினான். இன்னொரு தரம் எண்ணினான். முப்பத்தொன்று.

"ஒரு பல்லு விழுந்திருக்கு மேடம்."

"விழுந்திருக்கா, ஒளிச்சு வெச்சிருக்கா?"

தேடியதில் கிடைத்துவிட்டது. முப்பத்திரண்டாவது டிராக் அழியவில்லை. கண்ணுக்குத் தெரியாதபடி மடித்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அவன் ஒரு தட்டுத் தட்டியதும் அடியில் வந்து நின்றது. மற்றதுக்கெல்லாம் எண்தான் பேர். இதற்கு மட்டும் ‘என்னுது’ என்று எழுதியிருந்தது.

"இது எந்த மைக்?"

குண்டூசி மிக்ஸரின் மூலையில் வளைந்து நின்ற சின்ன மைக்கைக் காட்டினான். "இங்க உக்காந்து உள்ள இருக்கிறவங்ககிட்ட பேசற மைக். பொத்தானை அமுக்கினா இவன் பேசறது அவங்க ஹெட்ஃபோன்ல மட்டும் கேக்கும். பக்கத்துல நிக்கிறவங்களுக்குக்கூட என்ன பேசறான்னு புரியாது. முப்பத்திரண்டுன்னு வெச்சதால இதுவும் சேர்ந்து பதிவாயிருக்கு." அவன் மூன்று மாசத்துப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினான். எல்லாவற்றிலும் ‘என்னுது’ இருந்தது. எல்லாம் பெண்கள் பேசிய பதிவு. "தெரியாமப் பதிவானது இல்லை மேடம். வேணும்னே வெச்சிருக்கான். அப்புறம் தனியாப் போட்டுக் கேட்டிருக்கான்."

அந்த நேரம் பார்த்துத் தையல்காரம்மா படியிறங்கி வந்தாள். மூச்சு வாங்கினாலும் முகம் தெளிந்திருந்தது. "மூணாவது நம்பராம்மா. பதினோரு மணிக்குள்ள வந்துடுமாம். ஏதாவது கிடைச்சுதா?"

"கிடைச்சுது," என்றாள் வக்கீலம்மா. "உக்காருங்க. கேளுங்க."

குண்டூசி முதல் டிராக்கையும் முப்பத்திரண்டாவதையும் சேர்த்துப் போட்டான். ஆறாவது டேக் முடிந்து, நிறுத்துவதற்கு முன்னால் இருந்த கடைசி மூன்று நிமிஷம்.

சவுண்டின் குரல் குழைந்துகொண்டு வந்தது. "நல்லா இருந்துச்சும்மா. இன்னொரு தரம் மூழ்கிடலாம். இந்தத் தடவை நீ தவிக்கிற தவிப்புல எனக்குத் தூக்கம் போகணும்."

"எனக்கு இழுக்குது." பெண் குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு விசில் சத்தம். "கதவைத் திற. அஞ்சு நிமிஷம் வெளியே வந்துட்டுப் போறேன்."

"வரலாம். நான் திறந்தாத்தானே வருவே?" ஒரு சிரிப்பு.

"ஆறு மாசமா நீ காதுக்குள்ள பேசற பேச்சை இன்னிக்கு முதலாளிகிட்ட சொல்லத்தான் போறேன். எத்தனை பேர்கிட்ட இப்படிப் பேசறேன்னு எனக்குத் தெரியும். எல்லாரையும் கூட்டிக்கிட்டு வருவேன்."

பிறகு சவுண்டு மறுபடியும் பேசினான், முன்னைவிட இனிமையாக. "சரிம்மா. தப்புதான். இந்த ஒரே ஒரு டேக் முடிச்சிக் குடுத்துட்டுப் போ, அப்புறம் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு. அந்தப் பம்ப் டப்பா குலுங்கறது மைக்ல கேக்குது. வெளியே குடுத்துடு, கதவு பக்கத்துலயே வைக்கிறேன். முடிஞ்ச அடுத்த நிமிஷம் உன் கையில இருக்கும். எங்க அக்கா மேல சத்தியம்."

வக்கீலம்மா கையை உயர்த்தினாள். குண்டூசி நிறுத்தினான்.

தையல்காரம்மா அளவு நாடாவின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "இதை அழிக்க முடியுமா?"

குண்டூசி அவளை வெறித்துப் பார்த்தான்.

"போலீஸ் இதை எடுத்துட்டுப் போகலேல்ல? உங்க ரெண்டு பேருக்கு... நம்ம மூணு பேருக்குத்தானே தெரியும்? தெரியாம வாய்தவறிப் பேசிட்டான். ஆம்பளைப் பசங்க பேசறதுதான். கொன்னான்னு இதுல எங்க இருக்கு?"

"ஒரு சந்தேகம்," என்றாள் வக்கீலம்மா. "மூணு மாடி ஏறுறதுக்குள்ள அவங்க நாலு தடவை உக்காருவாங்கன்னு சொன்னீங்க. அவங்க குடியிருந்தது தரைத்தளம். இங்க எட்டுப் படி, அதுவும் கீழ இறங்கறது. உங்க தையல் கடை எத்தனாவது மாடி?"

"யாரோ சொல்லக் கேட்டேன்."

"யாரு?"

"ஞாபகமில்லை."

"ஓட விடு," என்றாள் வக்கீலம்மா.

செத்தவளே பதில் சொன்னாள். "உங்க அக்கா மேலயா? மூணு மாடி ஏறி அவங்ககிட்டதானே போன வாரம் போய் அழுதேன். பொம்பளைக்குப் பொம்பளை புரிஞ்சிக்குவாங்கன்னு போனேன். என்ன சொன்னாங்க தெரியுமா? ‘குரலை வித்துப் பொழைக்கிறவளுக்குக் காதுல மட்டும் இவ்வளவு மானமா’ன்னு கேட்டாங்க. ஒரு வாய் தண்ணி கேட்டேன், கதவைச் சாத்திட்டாங்க."

அதற்குச் சவுண்டு சிரித்தான். "எங்க அக்கா எப்பவும் என் பக்கம்தான்." கதவு திறந்து மூடும் சத்தம். பம்ப் டப்பா மேஜையில் வைக்கப்படும் சத்தம். அதோடு ஆறாவது டேக் முடிந்தது.

தையல்காரம்மா நாற்காலியில் இருந்து இறங்கி வக்கீலம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "அழிச்சிடுங்க தாயி. அவன் தம்பி இல்லை, நான் பெறாத பிள்ளை. இடுப்பு விட்டு இறக்காம வளர்த்தேன்."

வக்கீலம்மா அவள் கையை விலக்கவில்லை. "தெரியாத விஷயத்தை நான் எப்படி மறைக்கிறது? நாளைக்குக் கோர்ட்டுல எதிர்க்கட்சி எதையாவது தோண்டி எடுத்தா நான் முழிக்கணும். எனக்கு முழுசாத் தெரியணும். அந்தப் பதினோரு நிமிஷம் என்ன பேசினீங்க?" கேட்டுக்கொண்டே குண்டூசியை ஒரு பார்வை பார்த்தாள்.

ஐந்து வருஷம் கூட இருந்தவனுக்கு அந்தப் பார்வை போதும். குண்டூசி மெல்ல ரெக்கார்டிங்கை அமுக்கினான். ஆனால் சனியன் பிடித்த சிவப்பு விளக்கு கதவின் மேல் பளிச்சென்று எரிந்துவிட்டது. தையல்காரம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"இது என்ன, ஓடுதா?"

குண்டூசிக்கு அப்போது பழைய ஞாபகம் ஒன்று வந்தது. ஒரு பொதுக்கூட்டத்தில் விடாமல் அறுத்த பேச்சாளர் ஒருத்தரை அவன் மியூட் செய்துவிட்டான். அந்த மனுஷன் தெரியாமல் அரை மணி நேரம் ஊமையாகவே பேசினார். கூட்டம் கை தட்டியது. இருபது தடவையாவது அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறான், இனி சொல்ல மாட்டான்.

"இதோ, அணைச்சிடறேன்மா," என்று சொல்லி அவளுக்குத் தெரிகிற மாதிரி விரலை நீட்டி மியூட் பொத்தானை அமுக்கினான். அது சிவப்பாக மினுக்கியது. "பாருங்க. கதவு விளக்கு அணையத்தான் கொஞ்சம் நேரமாகும். இனிமே பேசலாம்."

அவள் அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். நிம்மதியாக மூச்சு விட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள், கீழ்க்குரலில், கட்டிய புருஷனிடம் சொல்கிறவள் போல.

"‘போனை வெச்சிடாதக்கா, கொஞ்ச நேரம் எதையாவது பேசிக்கிட்டே இரு’ன்னான். எதுக்குடான்னேன். ‘உள்ள அந்த எலி மூச்சுக்குத் துடிக்குதுக்கா, இனிமே யார்கிட்டயும் போய் வாயைத் திறக்காது’ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பகீர்னுச்சு. ஓடிப்போய்த் திறந்துவிடுடான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு." அவள் நாடாவை விரலில் சுற்றினாள். "சொல்லியிருந்தா அவ பொழைச்சிருப்பா. பொழைச்சா என் பிள்ளைதானே உள்ள போவான்? அவ யாரு எனக்கு?"

"அதனால?"

"சட்டைக்கு அளவு கேட்டேன். கழுத்து, தோள், கை நீளம். ஒண்ணொண்ணா நிதானமாக் கேட்டேன். எல்லாத்தையும் சொன்னான். அளவு முடிஞ்சதும், ‘போதும்க்கா, வெச்சிடறேன்’ன்னான்."

மிக்ஸரில் முப்பத்திரண்டாவது சேனலின் பச்சைப் புள்ளிகள் அவள் சொல்லுக்கு ஏற்ற மாதிரி ஏறி இறங்கின. அது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த குண்டூசி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் தாயி. வக்கீல்கிட்ட சொன்னது வெளியே போகாதுன்னு சொல்லுவாங்க. இப்ப அழிச்சிடலாம்ல?"

வக்கீலம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "போகாதுதான், வக்கீலா இருந்தா. நான் கோட்டைக் கழட்டி ஆறு வருஷம் ஆச்சு. குண்டூசி, மேல போய் இன்ஸ்பெக்டருக்குப் போன் போடணும். நீ நிறுத்திட்டுச் சேமிச்சு வை."

தையல்காரம்மாவுக்குப் புரியவில்லை. அவள் பார்வை வக்கீலம்மாவிடமிருந்து குண்டூசிக்கும், குண்டூசியிடமிருந்து அந்தப் பொத்தானுக்கும் போனது. "அதான் அணைச்சிட்டீங்களே?" என்றாள். "நீங்கதானே அணைச்சீங்க? நான் பார்த்தேனே?"

குண்டூசி ரெக்கார்டிங்கை நிறுத்தினான். கதவுக்கு மேல் விளக்கு அணைந்தது. என்ன பேரில் சேமிக்கவேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. ‘டேக் 8’ என்று அடித்தான்.